அறுபது நடை

முதல்லயே சொல்லிடுறேன், எனக்கு ஓடுறதும் பிடிக்காது, ஓடுறவங்களையும் பிடிக்காது. பஸ் போயிட்டா அடுத்த பஸ் வரும்னு நிக்கிற ஆளு நான். கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்ச்சு ஃப்ரேம்ல மாட்டுறது என் வேலை. இருபத்தி மூணு வருஷமா ஒரே ஸ்டூல். அப்படிப்பட்டவன் பொண்டாட்டி, நாப்பத்தாறு வயசுல, ஒன்றரை கிலோமீட்டர் நீந்தி, நாப்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சு, அதுக்கு மேலயும் உயிர் இருந்தா பத்து கிலோமீட்டர் ஓடப் போறேன்னு டீ குடிக்கிற நேரத்துல சொன்னா எனக்கு எப்படி இருக்கும்? டீ மூக்குல ஏறிடுச்சு.

"எதுக்கு?"ன்னேன்.

"சும்மாதான்"னா.

சும்மா செய்யிற காரியமா இது? சும்மா கடைக்குப் போகலாம். சும்மா ஒரு தூக்கம் போடலாம். இவளுக்கு நீச்சலே தெரியாது. தெரியாதுன்னா, சாதாரணமா தெரியாதுன்னு இல்ல. சின்ன வயசுல அவங்கப்பா இவளையும் தங்கச்சியையும் நீச்சல் குளத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார். சின்னவ தண்ணியில விழுந்ததும் அந்தக் கரைக்குப் போயிட்டா. பெரியவ நேரா அடியில போய் உக்காந்துட்டா. அப்பா சட்டையோட குதிச்சுத் தூக்கிட்டு வந்திருக்கார். அன்னைக்குச் சின்னவ "அம்மிக்கல்லு, அம்மிக்கல்லு"ன்னு கைதட்டிக் கத்தினது அப்படியே பேரா நின்னுடுச்சு. அக்கான்னு கூப்பிட்டது கோவத்துல மட்டும்தான். மத்த நேரமெல்லாம் அம்மிதான்.

அந்தச் சின்னவதான் விஷயமே. என் மச்சினி. ஸ்கூல்ல விளையாட்டு டீச்சர். எங்க வீட்டுலதான் நாலு வருஷம் இருந்தா. எங்களுக்குப் புள்ளை குட்டி கிடையாது, வீட்டுல சத்தம்னு இருந்தது அவ ஒருத்திதான். விடியக்காலை எழுந்து கதவை அடிச்சு மூடிட்டு ஓடப் போவா. திரும்பி வந்து என் துண்டுல முகம் துடைப்பா. "மாமா, ஒரு நாள் நீங்களும் வாங்களேன், தொப்பை குறையும்"பா. நான் கத்துவேன். நடுவுல என் பொண்டாட்டி சிரிச்சுக்கிட்டே நிப்பா. அந்தச் சிரிப்பை நான் பார்த்து ஆறு வருஷம் ஆச்சு.

என்ன நடந்துச்சுன்னு சொல்லிடுறேன். மாமனார் இதயக் கோளாறுன்னு ஆஸ்பத்திரியில படுத்திருந்தார். என் பொண்டாட்டி வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரி. அவ அங்க சலவைக்கூடத்துல. துவைச்சு மடிச்ச விரிப்பு, தலையணை உறை, போர்வை எல்லாத்தையும் தள்ளுவண்டியில அடுக்கி வார்டுக்குக் கொண்டு போகணும், அங்கிருந்து அழுக்கை ஏத்திட்டு வரணும். போய்த் திரும்பி வந்தாத்தான் ஒரு நடை. போனதை மட்டும் யாரும் எழுத மாட்டாங்க. இப்படி நாளைக்கு இருபது நடை, இருபது வருஷமா. அப்பா படுத்திருந்த விரிப்பும் இவ மடிச்ச விரிப்புதான்.

அந்த ஞாயித்துக்கிழமை சின்னவளுக்கு இதே போட்டி. நீச்சல், சைக்கிள், ஓட்டம். ஒரு வருஷமா அதுக்குத்தான் உயிரை விட்டுக்கிட்டிருந்தா. முந்தின நாள் வரைக்கும் அப்பா உக்காந்து பேசிக்கிட்டிருந்தார், "போய் ஜெயிச்சுட்டு வா"ன்னு அவரேதான் அனுப்பினார். விடியக்காலை அஞ்சரைக்கு டாக்டர் என் பொண்டாட்டியைத் தனியாக் கூப்பிட்டு, "வர வேண்டியவங்க யாராவது இருந்தா வரச் சொல்லிடுங்கம்மா"ன்னார். ஆறு மணிக்கு ஏரிக்கரையில இருந்து சின்னவ போன் பண்றா. "அப்பா எப்படி இருக்கார்?" இவ சொல்லியிருக்கா, "தூங்குறார். நல்லா இருக்கார். நீ நிம்மதியாப் போ."

ஏழு மணிக்குப் போட்டி ஆரம்பம். ஒன்பது நாப்பதுக்கு அப்பா போயிட்டார். ஒன்பது அம்பத்திரண்டுக்குச் சின்னவ முடிவுக்கோட்டைத் தாண்டினா. ஏரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் இருபது நிமிஷ தூரம்.

டாக்டர் அஞ்சரைக்கே சொன்னது நர்ஸ் மூலமா அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. காரியமெல்லாம் முடிஞ்ச மறுநாள் அவ ஒரே ஒரு பையோட கிளம்பிட்டா. சைக்கிளை எடுத்துக்கல, பயிற்சி நோட்டை எடுத்துக்கல, ஷூவைக் கூட எடுத்துக்கல. ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு அறை எடுத்துத் தங்கிட்டா. என் பொண்டாட்டி தேடிப் போனப்போ கதவைப் பாதி திறந்து, "அக்கா, அந்த மூணு மணி நேரத்தை உன்னால திருப்பிக் குடுக்க முடியுமா? முடிஞ்சா வா"ன்னு சொல்லி மூடிட்டா. அக்கான்னு சொன்னா, கவனிங்க.

அதைக் கேட்டு எனக்கு வந்த கோவம் இருக்கே! மூணு மணி நேரத்தைத் திருப்பிக் குடுக்க அது என்ன கடன் வாங்கின குடையா? நல்லது நினைச்சுத்தானே செஞ்சா? போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்னு சட்டையை மாட்டினேன். "நீங்க பேசினா இருக்கிறதும் போயிடும்"னு இவ தடுத்துட்டா. இருக்கிறதுன்னு ஏதாவது இருந்துச்சான்னா, இருந்துச்சு. தினமும் சாயங்காலம் இவ போன் பண்ணுவா, அவ எடுக்க மாட்டா. நாலு தடவை மணி அடிச்சு நின்னா தங்கச்சி வீட்டுல இருக்கான்னு அர்த்தம். உடனே கட் ஆனா இன்னும் ஸ்கூல்ல இருக்கா. போனை வெச்சுட்டு என்கிட்ட வந்து, "வீட்டுக்கு வந்துட்டா"ம்பா, என்னமோ பேசி முடிச்ச மாதிரி. ஆறு வருஷம் இப்படித்தான் தங்கச்சியோட குடும்பம் நடத்தினா.

சின்னவ அதுக்கப்புறம் எந்தப் போட்டியிலும் இறங்கல. ஆனா ஒவ்வொரு வருஷமும் அதே ஏரிக்கரைப் போட்டியில உதவி செய்யப் போவா. ஓடுறவங்களுக்குத் தண்ணி குடுக்கிற மேசையில நிப்பா. இது தெரிஞ்சு ஒரு வருஷம் என் பொண்டாட்டி வேடிக்கை பார்க்கிற கூட்டத்துல போய் நின்னா. தங்கச்சி இவளைப் பார்த்ததும் மேசையோட அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்னுட்டாளாம்.

"அதான் ஓடப் போறேன்"னா இவ, ஒரு வழியா வாயைத் திறந்து. "வேடிக்கை பார்க்கிறவளைப் பார்த்து மூஞ்சியைத் திருப்பலாம். ஓடி வர்றவளுக்குத் தண்ணி குடுக்காம இருக்க முடியாதுல்ல?"

"ஒரு டம்ளர் தண்ணிக்கா இத்தனை பாடு?"

"ஆமாங்க"ன்னா.

நான் எழுந்து போய் ஸ்பானரைத் தேடினேன்.

சுவத்துல மாட்டியிருந்த தங்கச்சி சைக்கிளை இறக்கினா. சீட்டைத் தாழ்த்தி, டயர் மாத்தினோம். தங்கச்சியோட பயிற்சி நோட்டை எடுத்தா. பச்சை அட்டை, உள்ள வாரா வாரம் என்ன செய்யணும்னு குண்டு குண்டு எழுத்து. நீச்சல் 10. நீச்சல் 16. நீச்சல் 24. கடைசி வாரங்கள்ல நீச்சல் 60, பக்கத்துல 32 நிமிஷம்னு நேரம். ஓட்டத்துக்கு ஒரே அறிவுரைதான் திரும்பத் திரும்ப: பேச முடிகிற வேகத்தில் ஓடு, பேச்சு நின்றால் வேகத்தைக் குறை.

நகராட்சிக் குளத்துல காலையில ஆறு முதல் எட்டு பெண்களுக்கு. ஆம்பளைங்க வாசலோட சரி. காவலுக்கு நிக்கிற அம்மா கழுத்துல விசில் தொங்கும், அவங்கதான் இவளுக்கு மூச்சு விடக் கத்துக்குடுத்தாங்க. முதல் மாசம் வீட்டுக்கு வந்தா கண்ணு ரெண்டும் சிவந்திருக்கும், மூக்குல தண்ணி. "இன்னைக்கும் அடியிலதானா?"ம்பேன். ஈரத் துண்டை உதறிக் கொடியில போடுவா. ரெண்டாவது மாசம் ஒரு நாள் ஈரத் தலையோட வந்து, "மிதந்தேன்"னா. அவ்வளவுதான், ஒரே வார்த்தை. ஆனா அந்த வார்த்தையை அவ வேலைக்குப் போற வரைக்கும் மூணு தடவை சொன்னா. அடிமேல் அடி அடிச்சா அம்மியும் நகரும்னு சும்மாவா சொன்னாங்க!

அவளுக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடியைக் கழட்டினா எதிர்ல நிக்கிறது நானா அலமாரியான்னு தெரியாது. அதனால நீச்சல் கண்ணாடிக்கு நானே பவர் லென்ஸ் போட்டுக் குடுத்தேன். நாலு சாயங்காலம் உக்காந்து ஓரத்தைத் தேய்ச்சேன். என் தொழில்ல ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் போடுறவங்களுக்குத் தலைவலி. நான் அவ்வளவு கறாரான ஆளு. அதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னால சிரிக்க உதவும்.

சைக்கிள் ஓட்டுறது சீக்கிரமே வந்துடுச்சு. நின்னு நின்னு உரமேறின கால் அவளுக்கு. நீச்சல்தான் இழுத்துச்சு. நோட்டுல பத்துன்னா பத்து, இருபத்திநாலுன்னா இருபத்திநாலு, ஒண்ணு குறைக்க மாட்டா. ஆனா நேரம் மட்டும் எப்பவும் தங்கச்சி எழுதினதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல, சில நாள் மூணு மடங்கு. அறுபதைத் தொட்ட அன்னைக்கு ஒரு மணி முப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. சமையலறைச் சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டா.

"அம்பத்தஞ்சு நிமிஷத்துல தண்ணியை விட்டு வெளிய வரலைன்னா படகுல ஏத்தி அனுப்பிடுவாங்களாம். அப்புறம் சைக்கிளும் இல்ல, ஓட்டமும் இல்ல. அவ நிக்கிற இடத்துக்கே நான் போய்ச் சேர மாட்டேன்."

"அவளுக்கு முப்பத்தஞ்சு வயசு அப்போ. உனக்கு நாப்பத்தாறு. போதும் விடு"ன்னேன்.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? படகுல ஏத்துற வரைக்கும் நீந்துறேன்"னு எழுந்து பாத்திரம் கழுவப் போயிட்டா. அடுத்த நாள் காலையிலயும் அறுபது.

நான் காகிதத்துல கணக்குப் போட்டுப் பார்த்தேன். குளம் இருபத்தஞ்சு மீட்டர். அறுபதால பெருக்கினா ஆயிரத்து ஐநூறு. சரியாத்தான் இருக்கு. இவ வேகம்தான் போதலன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்.

ஓட்டம் ஞாயித்துக்கிழமை. நான் என் ஓட்டை சைக்கிள்ல தண்ணி பாட்டிலோட பின்னாடி போவேன். பேச முடியிற வேகத்துல ஓடணும்னு நோட்டு சொல்லுதே, பேசணும்ல? யார்கிட்ட? இவ தங்கச்சிகிட்டயே பேச ஆரம்பிச்சா. பக்கத்துல அவ ஓடி வர்ற மாதிரி நினைச்சுக்கிட்டு, சத்தமா. "அன்னைக்குக் காலையில என்ன ஆச்சுன்னா..." இப்படித்தான் ஆரம்பிக்கும். ஏழு மணிக்கு அப்பா கண்ணைத் திறந்தார். இத்தனை மணிக்கு நர்ஸ் வந்தாங்க. ஜன்னல்ல வெயில் வந்துச்சு, நான் திரையை இழுத்தேன். ஒவ்வொரு நிமிஷமா சொல்லுவா. அந்த மூணு மணி நேரத்தைத்தான் திருப்பிக் குடுக்கப் பழகுறான்னு எனக்குப் புரிய ரெண்டு ஞாயிறு ஆச்சு. புரிஞ்சப்போ சைக்கிளை ஓரமா நிறுத்தி மூக்கைச் சிந்திட்டுத்தான் தொடர்ந்தேன்.

"அப்பா சொன்னார், 'சின்னவளைத் தொந்தரவு பண்ணாதே. அவ ஓடி முடிக்கட்டும்'னு." இந்த இடத்துல கதை முடியும். நல்லா இருந்துச்சு. இதைக் கேட்டா எந்தத் தங்கச்சி மனசும் இளகும்னு நினைச்சேன்.

மூணு கிலோமீட்டர், நாலு கிலோமீட்டர் ஓடுற காலத்துல வந்தது அந்தக் கதை. நடுவுல பேச்சு அறுந்து போகும், மூச்சு வாங்கும், நிப்பா. மாசம் போகப் போக மூச்சு நீண்டுச்சு. ஆறு. ஏழு. பேச்சு அறுந்து போறது குறைஞ்சுது. அப்புறம் ஒரு ஞாயிறு, எட்டு கிலோமீட்டரைத் தாண்டினப்புறம், யாரும் கேக்காமலேயே வேற ஒண்ணு சொன்னா.

"அப்பா அப்படிச் சொல்லல. 'சின்னவ எங்கே?'ன்னு கேட்டார். 'வந்துக்கிட்டே இருக்காப்பா'ன்னேன். எட்டு மணிக்குத் திரும்பவும் கேட்டார். 'வழியில இருக்கா'ன்னேன். சாயங்காலம் வரைக்கும் இருப்பார்னு நினைச்சுட்டேன். உன்கிட்டயும் பொய் சொன்னேன், அவர்கிட்டயும் பொய் சொன்னேன். ஒன்பதரைக்குக் கண்ணைத் திறக்காமலேயே, 'மெதுவா வரச் சொல்லு, அவ அவசரப்படுவா'ன்னார். அதுதான் கடைசி."

நான் சைக்கிளை விட்டு இறங்கிட்டேன். ஆறு வருஷம் ஒரே தலையணை, எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன், "இந்தாம்மா, முதல்ல சொன்னியே, அதையே சொல்லு. யாருக்கு என்ன நஷ்டம்? இதைச் சொன்னா அவ இந்த ஜென்மத்துல உன் மூஞ்சியில முழிக்க மாட்டா."

அவ ஷூ கயித்தை அவுத்துக்கிட்டே, "தெரியும்"னா.

"தெரிஞ்சுமா?"

"பார்க்கலாங்க."

இவ பார்க்கலாம்னா முடியாதுன்னு அர்த்தமா, சரின்னு அர்த்தமான்னு இருபது வருஷமா எனக்குப் பிடிபடல.

போட்டி அன்னைக்கு ஏரிக்கரையில கூட்டம். புஜத்துலயும் கெண்டைக்கால்லயும் மார்க்கர் பேனாவால நம்பர் எழுதிவிட்டாங்க. சைக்கிள் நிறுத்துற இடத்துல இவ துண்டை விரிச்சு அதுமேல ஷூ, சாக்ஸ், தொப்பி எல்லாம் அடுக்கினா. சுத்தி எல்லாரும் சுருட்டிப் போட்டிருக்க, இவளுது மட்டும் ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி நாலு மூலையும் மடிப்புக் கலையாம. அடியே, போட்டிக்கு வந்தியா, வார்டு சுத்தம் பண்ண வந்தியான்னு கேட்டேன். சிரிக்கல. உதடு வெளுத்திருந்துச்சு. தண்ணி குடுக்கிற மேசைப் பக்கம் போய்ப் பார்த்துட்டு வந்தேன். சின்னவ அங்க இல்ல. அதை இவகிட்ட சொல்லல. எனக்கு மட்டும் பொய் வராதா என்ன?

ஏழு மணிக்கு ஊதினாங்க. இருநூறு தலை தண்ணியில. இவ கடைசியில தனியா, கையை ஒண்ணொண்ணா எடுத்துப் போட்டுக்கிட்டுப் போனா. நான் கரையேறுற இடத்துல கயித்தைப் பிடிச்சுக்கிட்டு வாட்சைப் பார்த்து நின்னேன். இருபது நிமிஷம். முப்பது. வேகக்காரங்க எல்லாம் வந்து ஓடிட்டாங்க. நாப்பது. அப்போதான் பார்த்தேன். கரையில, முழங்கால் தண்ணியில, மஞ்சள் மேல்சட்டை போட்டுக்கிட்டு, வர்றவங்களைக் கை குடுத்துத் தூக்கிவிடுறது யாருன்னு. என் மச்சினி. இந்த வருஷம் மேசையில போடாம இங்க போட்டுட்டாங்க.

நாப்பத்தெட்டாவது நிமிஷம் ஒரு சிவப்புத் தொப்பி கரையை நெருங்கிச்சு. நான் நம்பரைப் பார்த்தேன். என் கண்ணையே நம்ப முடியல. நாப்பத்தெட்டு! "வந்துட்டா, வந்துட்டா"ன்னு நான் கத்தின கத்துல பக்கத்துல இருந்த அம்மா காதைப் பொத்திக்கிட்டாங்க.

சின்னவ குனிஞ்சு கையை நீட்டினா. இவ பிடிச்சா. நாலு சாயங்காலம் தேய்ச்ச என் லென்ஸ்ல பனி மூடியிருந்துச்சு, கை யாருதுன்னு இவளுக்குத் தெரியல. சின்னவளுக்கும் தொப்பி, கண்ணாடிக்குள்ள யாருன்னு தெரியல. எழுந்து நின்னவ சுத்திமுத்திப் பார்த்தா. கரையைப் பார்த்தா. மிதவையைப் பார்த்தா. கையை உதறிட்டு, திரும்பி, மறுபடியும் ஏரிக்குள்ள நடக்க ஆரம்பிச்சுட்டா!

"எங்க போறீங்க? முடிஞ்சுது, ஏறுங்க மேல!"ன்னு சின்னவ பிடிச்சு இழுக்கிறா.

"இல்லைங்க, நான் பாதிதான் நீந்தியிருக்கேன். எங்கயோ வழி மாறி வந்துட்டேன். இன்னும் பாதி இருக்கு, விடுங்க"ன்னு இவ திமிறுறா. "இவ்வளவு சீக்கிரம் என்னால வர முடியாது, எனக்குத் தெரியும். நீந்தாததை நீந்தினேன்னு சொல்ல மாட்டேன். பொய் சொல்லி இனிமே ஒண்ணும் வேண்டாம். விடுங்க என்னை!"

சின்னவ கையை விட்டுட்டா. குரல் தெரிஞ்சுடுச்சு. பின்னாடி இன்னும் ரெண்டு பேர் நீந்தி வந்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம் மெதுவாக் கேட்டா, "குளத்துல எத்தனை நீந்துவ?"

இவளுக்கும் குரல் தெரிஞ்சுது. கண்ணாடியை நெத்திக்கு ஏத்தினா. பார்வை தெரியாத கண்ணை இடுக்கிக்கிட்டுச் சொன்னா, "அறுபது. உன் நோட்டுல இருக்கிற மாதிரியே."

"அறுபதுன்னா?"

"அறுபது நடை. போய் வந்தா ஒண்ணு."

சின்னவ வாயைப் பொத்திக்கிட்டா. அழுறாளா சிரிக்கிறாளான்னு எனக்கு அங்கிருந்து தெரியல. ரெண்டும்தான்னு அப்புறம் தெரிஞ்சுது. "போனா ஒண்ணு, வந்தா ஒண்ணுடி! அறுபதுன்னா ஒரு பக்கம்தான் அறுபது! இத்தனை மாசமா மூணு கிலோமீட்டரா நீந்தின? ஐயோ, அம்மி!"

ஒரு மில்லிமீட்டர் தப்பினா ஒத்துக்காத நான், பெருக்கல் கணக்கெல்லாம் போட்டேனே, ஒண்ணுன்னா எதுன்னு ஒரு தடவை கேட்டேனா? தலையில அடிச்சுக்கிட்டேன். என் பொண்டாட்டி அதை எதையும் காதுல வாங்கல. அம்மின்னு கூப்பிட்டது மட்டும்தான் அவளுக்குக் கேட்டிருக்கு. தண்ணியில நின்னபடியே தங்கச்சியைப் பார்த்துக்கிட்டிருந்தா. தங்கச்சி முகம் மாறிடுச்சு. கையைப் பின்னாடி இழுத்துக்கிட்டு, "போ, சைக்கிளை எடு. நேரம் போகுது"ன்னு திரும்பிக்கிட்டா.

சைக்கிள்ல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்தா, இறங்கினா, காலை நொண்டிக்கிட்டு ஓட்டத்துக்குக் கிளம்பினா. ஏரியைச் சுத்தி நாலு சுத்து. நாலரை மணி நேரத்துக்குள்ள முடிச்சாகணும். முதல் சுத்துல சின்னவளைக் காணோம். ரெண்டாவதுலயும் காணோம். மேசையில வேற யாரோ தண்ணி நீட்டினாங்க, இவ வாங்கல. மூணாவது சுத்துல இவ முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்ல.

நாலாவது சுத்து ஆரம்பிக்கிற இடத்துல சின்னவ நின்னா. மஞ்சள் மேல்சட்டை இல்ல, கையில ஒரு டம்ளர். இவ கிட்ட வந்ததும் நீட்டினா. இவ வாங்கிக் குடிச்சா. அவ்வளவுக்காகத்தான் வந்தது, கிடைச்சுடுச்சு, அதோட விட்டிருக்கலாம். ஆனா சின்னவ கயித்துக்கு அந்தப் பக்கம் நடைபாதையில கூடவே ஓட ஆரம்பிச்சா. நான் துண்டைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேருக்கும் பின்னாடி. ஓட்டமே பிடிக்காதவன் ஓடினேன், எழுதி வெச்சுக்கங்க.

முதல் வளைவைத் தாண்டினோம். அப்புறம் சின்னவ, முன்னாடி பார்த்தபடியே, "அன்னைக்கு என்ன ஆச்சு?"ன்னா.

என் பொண்டாட்டி ஆரம்பிச்சா. குரல் நடுங்கிச்சே தவிர மூச்சு நடுங்கல. அதுதான் பயிற்சி. ஏழு மணிக்கு அப்பா கண்ணைத் திறந்தது. நர்ஸ். திரை. நான் மனப்பாடமா கேட்டது எல்லாம் வரிசையா வந்துச்சு. அந்த இடம் நெருங்கிச்சு. 'ஓடி முடிக்கட்டும்னு சொல்லுடி. அப்பா அப்படித்தான் சொன்னார்னு சொல்லிடுடி'ன்னு மனசுக்குள்ள கெஞ்சினேன்.

"'சின்னவ எங்கே?'ன்னு கேட்டார்"ன்னா.

எல்லாத்தையும் சொன்னா. வந்துக்கிட்டே இருக்கான்னு சொன்னதை. வழியில இருக்கான்னு சொன்னதை. மெதுவா வரச் சொன்னதை.

சின்னவ நின்னுட்டா. அப்படியே நடைபாதை ஓரத்துல உக்காந்து முழங்கால்ல தலையைக் கவுத்துக்கிட்டா. என் பொண்டாட்டி பத்தடி ஓடிப் போயிட்டா, பழக்கத்துல. அப்புறம் நின்னா. திரும்பிப் பார்த்தா.

"இன்னும் அறுநூறு மீட்டர்தான்! பதினோரு நிமிஷம் இருக்கு! நடந்தே போயிடலாம்!"னு நான் அலறினேன். என்ன செய்யிறது, என் புத்தி அவ்வளவுதான்.

அவ கயித்தைத் தூக்கிக் குனிஞ்சு இந்தப் பக்கம் வந்து, தங்கச்சி பக்கத்துல உக்காந்தா. தொடல. பேசல. பக்கத்துல, அவ்வளவுதான். ஆறு வருஷமா போன்ல நாலு தடவை மணி அடிக்கிற சத்தத்தைக் கேட்டு உயிரை வெச்சிருந்தவளுக்குத் தங்கச்சி மூச்சு விடுற சத்தம் பக்கத்துல கேக்குது. எழுந்துக்கவா தோணும்? ரொம்ப நேரம் கழிச்சு சின்னவ தலை சாஞ்சு இவ ஈரத் தோள்ல விழுந்துச்சு. ரெண்டு பேரும் அழுதாங்க. நான் ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்னுக்கிட்டேன். பதினோரு நிமிஷம் போச்சு, இருபது போச்சு. அந்தக் கோடியில கடியாரத்தை அணைச்சாங்க. பட்டியல்ல அவ நம்பருக்கு நேரா இன்னைக்கும் 'முடிக்கவில்லை'ன்னுதான் இருக்கு.

கடைசியில சின்னவதான் முதல்ல எழுந்தா. மூக்கைத் துடைக்க என் தோள்ல இருந்த துண்டை இழுத்தா, அந்தக் காலத்து மாதிரியே. அப்புறம் கையை நீட்டி அக்காவைத் தூக்கினா. எழுந்ததும் என் பொண்டாட்டி கால் தன்னால ஓடப் பார்த்துச்சு.

"ஓடாதே அம்மி"ன்னா சின்னவ, கையை விடாம. "மெதுவாப் போலாம். அப்பா சொன்னாருல்ல."

மேடை பிரிச்சுக்கிட்டிருந்தவங்க வேலையை நிறுத்திட்டுப் பார்க்க, ரெண்டு பேரும் கை கோத்துக்கிட்டு அந்தக் கோட்டை நோக்கி நடந்தாங்க. நானும் ரெண்டடி பின்னாடி நடந்தேன்.